எச்.ஐ.வி. சிகிச்சைக்குத் தனிக் கட்டடம் இனியும் தேவையா?

எச்.ஐ.வி. தொற்றுடன் 15 ஆண்டுகளாக வாழும் ஒருவருக்குச் சர்க்கரை நோயும் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். எச்.ஐ.வி. மாத்திரையை ஓரிடத்தில் வாங்குகிறார், சர்க்கரைக்கு வேறோர் இடத்துக்குப் போகிறார். இரண்டு சீட்டு, இரண்டு பதிவேடு, இரண்டு வரிசை. சர்க்கரை மருத்துவரிடம் தனக்கு எச்.ஐ.வி. இருப்பதை அவர் சொல்லவில்லை. சொல்லத் தயங்குவதில் வியப்பு ஒன்றுமில்லை. அந்த மருத்துவர் வழக்கம்போல மெட்ஃபார்மின் எழுதுகிறார், சர்க்கரை இறங்கவில்லை என்று அளவைக் கூட்டுகிறார். ஆனால் இன்று உலகில் மிகப் பெரும்பாலோர் எடுத்துக்கொள்ளும் எச்.ஐ.வி. மருந்தான டொலுடெக்ராவிர், ரத்தத்தில் மெட்ஃபார்மினின் அளவை உயர்த்திவிடும். இரண்டையும் சேர்த்துச் சாப்பிடுவோருக்கு மெட்ஃபார்மின் பொதுவாக நாளுக்கு 1000 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. எச்.ஐ.வி. மையத்தில் இருப்பவருக்கு இது தெரியும். சர்க்கரை மருத்துவருக்கும் தெரிந்திருக்கலாம். ஆனால் எதிரில் உட்கார்ந்திருப்பவர் டொலுடெக்ராவிர் சாப்பிடுகிறார் என்பது தெரியாதே.

இந்த இரண்டு அறைகளையும் ஒன்றாக்கும் முயற்சியைத்தான் ‘எச்.ஐ.வி. சேவைகளை ஆரம்ப சுகாதாரத்தோடு ஒருங்கிணைத்தல்’ என்கிறார்கள். ஆரம்ப சுகாதாரம் என்றால், உடம்புக்கு ஏதாவது என்றால் மக்கள் முதலில் போய் நிற்கும் இடம். காய்ச்சல், தடுப்பூசி, கர்ப்பகாலப் பரிசோதனை, ரத்த அழுத்தம், குடும்பக் கட்டுப்பாடு எல்லாம் அங்கேதான். எல்லா நாடுகளும் தங்கள் மருத்துவ அமைப்பின் அடித்தளமாக இதையே கட்டி எழுப்ப வேண்டும் என்று 1978இல் அல்மா அட்டா நகரில் நடந்த சர்வதேச மாநாட்டில் அறிவித்தார்கள். அதற்குச் சில ஆண்டுகளில் எச்.ஐ.வி. வந்தது. வந்த வேகத்துக்கு அந்த அடித்தளம் ஈடுகொடுக்கவில்லை.

தனியாக வைத்தது தவறா?

இல்லை என்பதே என் கருத்து. இன்று ஒருங்கிணைப்பைப் பற்றிப் பேசும் பலர், தனி மையங்கள் ஏதோ அறியாமையால் வந்தவை என்பதுபோல் பேசுகிறார்கள். அன்றைய நிலைமையை நினைத்துப் பார்க்க வேண்டும். 1996இல் கூட்டு மருந்துச் சிகிச்சை வந்தபோது ஒரு நாளைக்குக் கைநிறைய மாத்திரை விழுங்க வேண்டியிருந்தது. 2000ஆம் ஆண்டு வாக்கில் ஒருவருக்கு ஓராண்டு மருந்துச் செலவு 10,000 டாலருக்கு மேல். 2001இல் இந்தியாவின் சிப்லா நிறுவனம் அதே கூட்டு மருந்தை ஆண்டுக்கு 350 டாலருக்குத் தர முன்வந்த பிறகுதான் ஏழை நாடுகளில் சிகிச்சை என்ற பேச்சே எடுபட்டது. 2002இல் எய்ட்ஸ், காசநோய், மலேரியாவுக்கான உலகளாவிய நிதியம் தொடங்கியது. 2003இல் அமெரிக்க அதிபர் ஜார்ஜ் புஷ் அறிவித்த, பிற நாடுகளின் எச்.ஐ.வி. சேவைகளுக்குப் பணம் தரும் பெப்ஃபார் திட்டம் வந்தது.

பணம் வந்துவிட்டது, அதை எங்கே கொட்டுவது? ஆரம்ப சுகாதார நிலையங்களில் மருத்துவர் இல்லை, ஆய்வகம் இல்லை, சாதாரண ஆன்டிபயாடிக்கே அடிக்கடித் தீர்ந்துபோகும். மருந்துகளும் சிக்கலானவை. அப்போது பரவலாகக் கொடுத்த ஸ்டாவுடின் முகத்துக் கொழுப்பைக் கரைத்து ஆளை அடையாளம் காட்டிக் கொடுத்துவிடும். கால் நரம்புகளையும் பாதிக்கும். யாருக்கு எப்போது மருந்தைத் தொடங்குவது என்பதற்கு சி.டி.4 எண்ணிக்கை, அதாவது எச்.ஐ.வி. அழிக்கும் நோய் எதிர்ப்பு அணுக்கள் ரத்தத்தில் எவ்வளவு மிஞ்சியிருக்கின்றன என்று பார்க்க வேண்டும், அதற்குத் தனி இயந்திரம் வேண்டும். ஆட்கள் மடிந்துகொண்டிருந்தபோது, முதலில் சுகாதார அமைப்பைச் சீர்செய்துவிட்டு வருகிறோம் என்று சொல்ல முடியுமா? அதனால் அவசரத்துக்குப் பக்கத்திலேயே தனிக் கொட்டகை போட்டார்கள். தனிக் கட்டடம், தனி மருந்துக் கிடங்கு, தனி ஆய்வகம், தனிச் சம்பளப் பட்டியல், தனிக் கணக்கு. அமெரிக்க அரசின் கணக்குப்படி பெப்ஃபாரால் மட்டும் 2.5 கோடிக்கும் மேற்பட்ட உயிர்கள் காப்பாற்றப்பட்டிருக்கின்றன. கொட்டகை தன் வேலையைச் செய்தது.

மாறியது நோயின் தன்மைதான். 2015இல் உலக சுகாதார நிறுவனம், சி.டி.4 எவ்வளவு இருந்தாலும் தொற்று உறுதியான எல்லோருக்கும் உடனே சிகிச்சை என்று அறிவித்தது. 2019இல் டொலுடெக்ராவிர் அடங்கிய கூட்டு மாத்திரை முதல் தெரிவாக ஆனது. நாளுக்கு ஒரே மாத்திரை, பக்க விளைவு குறைவு, வைரஸ் எளிதில் எதிர்ப்புத்திறன் பெறாது. விலை 2023இல் ஆண்டுக்கு 45 டாலருக்கும் கீழே வந்தது. ஒழுங்காகச் சாப்பிட்டு வைரஸ் ரத்தத்தில் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்தவரிடமிருந்து உடலுறவு வழியாகத் தொற்று பரவாது என்பதும் பெரிய ஆய்வுகளில் உறுதியாகிவிட்டது. 2024 இறுதியில் உலகில் 4.08 கோடிப் பேர் எச்.ஐ.வி.யுடன் வாழ்ந்தார்கள், அவர்களில் 3.16 கோடிப் பேர் சிகிச்சையில் இருந்தார்கள். இவர்களில் பெரும்பாலோருக்கு இது ரத்த அழுத்தம்போல வாழ்நாள் முழுக்கக் கூட வரும் ஒரு நோய். அவர்களுக்கு வயதும் ஏறுகிறது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் வரும் ஆபத்து எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்கு ஏறத்தாழ 6 மடங்கு அதிகம். எச்.ஐ.வி. உள்ளவர்களை அதிகம் கொல்வது இன்னும் காசநோய்தான். எச்.ஐ.வி.யை மட்டும் பார்த்து அனுப்பும் மையத்தால் இதையெல்லாம் எப்படிக் கவனிக்க முடியும்?

பணம் நின்றபோது எது உடைந்தது

2025 ஜனவரி 20 அன்று அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவிகளை 90 நாள்களுக்கு நிறுத்திவைத்தது. எச்.ஐ.வி.க்கென்று நாடுகளுக்கு வெளியிலிருந்து வந்த பணத்தில் பெரும் பங்கு அமெரிக்காவுடையது. உயிர்காக்கும் சிகிச்சைக்குச் சில நாள்களில் விலக்கு அளித்தார்கள். ஆனாலும் அடி விழுந்துவிட்டது. கவனிக்க வேண்டியது அடி எங்கே விழுந்தது என்பதை. பல நாடுகளில் மாத்திரை கிடங்கில் இருந்தது. மாத்திரையைத் தொடர்ந்து சாப்பிட வைக்கும் ஆலோசகர், வராதவரைத் தேடிப் போகும் களப்பணியாளர், ரத்த மாதிரியை ஆய்வகத்துக்கு எடுத்துப் போகும் வண்டி ஓட்டுநர், கணினியில் பதிவேற்றும் எழுத்தர் ஆகியோரின் சம்பளம் நின்றுவிட்டது. இவர்கள் பெயர் எந்த அரசின் ஊழியர் பட்டியலிலும் கிடையாது. திட்டத்தின் பட்டியலில் மட்டும்தான் இருந்தது.

‘நீடித்து நிற்றல்’ என்ற சொல்லை நான் இந்தக் கோணத்தில்தான் புரிந்துகொள்கிறேன். வெளிப்பணம் நின்ற மறுநாள் காலை கதவைத் திறக்க யாருக்குச் சம்பளம் வருகிறது? அந்தக் கேள்விக்குப் பதில் இருந்தால் அது நீடிக்கும்.

எதை ஒன்றாக்குவது?

ஒருங்கிணைப்பு என்றதும் பலர் மனத்தில் வருவது பெயர்ப்பலகையைக் கழற்றி, தனி மையத்தை மூடி, எல்லோரையும் பொது வரிசையில் நிறுத்துவது. அது மிக எளிய பகுதி. மிக ஆபத்தான பகுதியும் அதுவே. கண்ணுக்குத் தெரிகிற ஒருங்கிணைப்பு ஒன்று இருக்கிறது: ஒரே வளாகம், ஒரே காத்திருப்புக் கூடம், ஒரே செவிலியர், ஒரே மருந்துச் சாளரம். கண்ணுக்குத் தெரியாதது இன்னொன்று: சம்பளப் பட்டியல், மருந்துக் கொள்முதல், ஆய்வகம், பதிவேடு, வரவுசெலவுத் திட்டத்தில் ஒரு வரி. முதலாவதை மட்டும் செய்துவிட்டு இரண்டாவதை விட்டுவிட்டால், தனி மையத்தையும் இழப்போம், பொது மையத்திலும் சேவை இருக்காது.

மருந்தையே எடுத்துக்கொள்ளலாம். எச்.ஐ.வி. மாத்திரை இதுவரை பெரும்பாலும் தனி வழியில் வந்தது. எத்தனை பேர் சாப்பிடுகிறார்கள் என்று துல்லியமாகக் கணக்கிட்டு, சர்வதேசக் கொள்முதலில் வாங்கி, கையிருப்பு குறையும் முன்பே அனுப்பும் வழி அது. அதே நிலையத்தில் ரத்த அழுத்த மாத்திரை பொது வழியில் வரும், மாதக்கணக்கில் வராமலும் போகும். இப்போது இரண்டையும் ஒரே வழியில் கொண்டுவருகிறோம் என்றால், எது எதன் தரத்துக்கு மாறும்? ரத்த அழுத்த மாத்திரை எச்.ஐ.வி. மாத்திரையின் ஒழுங்குக்கு உயர வேண்டும். எச்.ஐ.வி. மாத்திரை மற்றதன் சீர்கேட்டுக்கு இறங்கினால், மருந்து விட்டுப்போகும் ஒவ்வொரு வாரமும் வைரஸ் மறுபடி பெருகும். கூட்டு மாத்திரையில் இருக்கும் டெனோஃபோவிர், லாமிவுடின் இரண்டும் கல்லீரல் அழற்சி பி வைரஸையும் அடக்கி வைப்பவை. அந்தத் தொற்றும் சேர்ந்து உள்ளவருக்கு மாத்திரை திடீரென நின்றால் கல்லீரல் கடுமையாகப் பாதிக்கப்படலாம்.

வேலைப்பளு என்பது அடுத்த கவலை. ‘ஏற்கெனவே ஒரு செவிலியர் நூறு பேரைப் பார்க்கிறார், இதையும் தலையில் கட்டுகிறீர்களே’ என்பது நியாயமான கேள்வி. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு நிலையத்துக்கு 500 எச்.ஐ.வி. நோயாளிகள். மாதம் ஒருமுறை மருந்து வாங்க வந்தால் ஆண்டுக்கு 6,000 வருகை. ஆறு மாதத்துக்கான மாத்திரையை மொத்தமாகக் கொடுத்துவிட்டால் 1,000 வருகை. உடல்நிலை சீராக இருப்பவருக்கு இப்படி நீண்டகால மருந்து கொடுப்பது உலக சுகாதார நிறுவனமே பரிந்துரைப்பதுதான். ஆக, வேலையைச் சேர்ப்பதற்கு முன் வருகையைக் குறைக்க வேண்டும். முன்னதைப் பின்னதாக மாற்றிச் செய்தால் செவிலியர் திணறிப்போவார், பழி ஒருங்கிணைப்பின்மேல் விழும்.

செவிலியரால் இதைச் செய்ய முடியுமா என்ற ஐயத்துக்குத் தென்னாப்பிரிக்கா பதில் சொல்லியிருக்கிறது. 2010 முதல் அங்கே பயிற்சி பெற்ற செவிலியர்களே எச்.ஐ.வி. மருந்தைத் தொடங்குகிறார்கள். ஃப்ரீ ஸ்டேட் மாகாணத்தில் 31 நிலையங்களில் நடந்த ஆய்வு 2012இல் வெளியானது. செவிலியர் கையில் சிகிச்சை பெற்றவர்களின் நிலை, மருத்துவரிடம் பெற்றவர்களின் நிலையைவிட மோசமாக இல்லை. பின்னர் 2014இல் மருந்தை மையமாக ஓரிடத்தில் பொட்டலம் கட்டி, வீட்டுக்கு அருகில் உள்ள மருந்துக் கடைகள் போன்ற இடங்களில் பெற்றுக்கொள்ளும் திட்டமும் வந்தது. அந்தப் பொட்டலம் எச்.ஐ.வி.க்கு மட்டும் உரியது கிடையாது. சர்க்கரைக்காரரும் ரத்த அழுத்தக்காரரும் அதே வரிசையில் நின்று வாங்குகிறார்கள். உள்ளே என்ன மருந்து என்பது பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியாது.

இது சிறிய விஷயமாகத் தோன்றலாம். ஆனால் எச்.ஐ.வி.யுடன் வாழ்கிறவர்களிடம் கேட்டால் இதைத்தான் முதலில் சொல்வார்கள். பிளாஸ்டிக் குப்பியில் மாத்திரை குலுங்கும் சத்தமே காட்டிக்கொடுத்துவிடும் என்று பலர் குப்பியை மருந்தகத்திலேயே எறிந்துவிட்டு, மாத்திரையை உறையில் போட்டு எடுத்துப்போகிறார்கள். கோப்பின் நிறம் வேறாக இருந்தால் போதும், செவிலியர் அதைக் கையில் எடுத்து வரும்போதே கூடம் முழுக்கத் தெரிந்துவிடும். தனிக் கட்டடத்தில் அந்த வாசலுக்குள் நுழைவதே அறிவிப்பு. பொது நிலையத்தில் வாசல் காட்டிக்கொடுக்காது. ஆனால் வரவேற்பில் உட்கார்ந்திருப்பவர் பக்கத்து வீட்டுக்காரராக இருப்பார். ஒருங்கிணைத்தால் களங்கப் பார்வை தானாகக் குறைந்துவிடும் என்று சொல்பவர்களை நான் நம்புவதில்லை. ஒரே நிறக் கோப்பு, காது கேட்காத தொலைவில் பேச ஓர் அறை, ரகசியத்தை வெளியே சொன்ன ஊழியர்மேல் நடவடிக்கை ஆகியவை இருந்தால்தான் குறையும்.

மலாவி சொல்லும் இரு பாடங்கள்

ஒருங்கிணைப்பின் பலமும் பலவீனமும் ஒருசேரத் தெரிந்த இடம் மலாவி. சி.டி.4 இயந்திரம் ஊருக்கு ஊர் வைக்க வழியில்லாத நாடு அது. சி.டி.4 பார்த்துத்தான் மருந்து என்றால் பெரும்பாலான கர்ப்பிணிகளுக்கு மருந்தே கிடைக்காது. அதனால் 2011இல் ஒரு துணிச்சலான முடிவெடுத்தார்கள்: கர்ப்பிணிக்கோ பாலூட்டும் தாய்க்கோ தொற்று உறுதியானால், எண்ணிக்கை எதுவும் பார்க்காமல், கர்ப்பகாலப் பரிசோதனை நடக்கும் அதே இடத்திலேயே வாழ்நாள் சிகிச்சையைத் தொடங்கிவிடுவது. அதற்கு முன் ஒரு காலாண்டில் 1,257 பெண்கள்தான் சிகிச்சை தொடங்கினார்கள். 2012இன் மூன்றாம் காலாண்டில் அது 10,663 ஆனது. வேறு நாடுகளும் பின்பற்றின, உலக சுகாதார நிறுவனமும் அதையே பரிந்துரையாக்கியது.

இது பாதிக் கதை. தனக்கே உடம்பு முடியாமல் வந்து மருந்து தொடங்கிய பெண்களோடு ஒப்பிட்டால், கர்ப்ப காலத்தில் இப்படித் தொடங்கியவர்கள் முதல் வருகைக்குப் பிறகு திரும்பியே வராமல் போகும் வாய்ப்பு ஐந்து மடங்கு அதிகமாக இருந்தது. யோசித்தால் புரியும். காலையில் கர்ப்பப் பரிசோதனைக்கு என்று வருகிறார். உடம்பில் ஒரு தொந்தரவும் இல்லை. மதியத்துக்குள் தொற்று இருக்கிறது என்கிறார்கள், வாழ்நாள் முழுக்க மாத்திரை என்கிறார்கள், கையில் கொடுத்தும் அனுப்புகிறார்கள். வீட்டில் கணவரிடம் என்ன சொல்வது என்பதற்கு மட்டும் யாரும் மாத்திரை கொடுக்கவில்லை. பழைய தனி மையங்களில் அந்தப் பேச்சுக்கென்றே ஓர் ஆலோசகர் இருந்தார், வராதவரைத் தேடிப்போக ஒரு களப்பணியாளர் இருந்தார். சேவையை இடம் மாற்றும்போது இந்த ஆட்களையும் கூட்டிவர வேண்டும்.

பெரியவர்களின் நாட்பட்ட நோய்களைச் சேர்த்துப் பார்ப்பதில் நம்பிக்கை தரும் சான்று உகாண்டா, தான்சானியா நாடுகளிலிருந்து வருகிறது. 32 நிலையங்களில் நடந்த ஆய்வு அது, 2023இல் வெளியானது. பாதி நிலையங்களில் எச்.ஐ.வி., சர்க்கரை, ரத்த அழுத்தம் மூன்றையும் ஒரே கூடத்தில், ஒரே குழு பார்த்தது. மற்றப் பாதியில் வழக்கம்போல் தனித்தனி. சேர்த்துப் பார்த்தால் எச்.ஐ.வி. சிகிச்சையின் தரம் குறைந்துவிடும் என்ற அச்சம் பொய்த்தது. இரண்டு பக்கமும் எச்.ஐ.வி. நோயாளிகளில் 97 விழுக்காட்டினருக்கு வைரஸ் கட்டுக்குள் இருந்தது.

இடத்தை ஒன்றாக்கினால் மட்டும் போதாது, தகவலும் ஒன்றாக வேண்டும் என்பதற்குக் கர்ப்பிணியே நல்ல எடுத்துக்காட்டு. கர்ப்பிணிக்கு இரும்புச்சத்து மாத்திரையும் கால்சியமும் கொடுப்பார்கள். வெறும் வயிற்றில் டொலுடெக்ராவிரோடு சேர்த்து விழுங்கினால் அவை அந்த மருந்து உடலில் சேர்வதைக் குறைத்துவிடும். உணவோடு சேர்த்துச் சாப்பிடலாம், இல்லையென்றால் டொலுடெக்ராவிரை அவற்றுக்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் கழித்தோ எடுக்க வேண்டும். இரண்டையும் ஒரே செவிலியர், ஒரே அட்டையைப் பார்த்துக் கொடுத்தால் ஒரு வாக்கியத்தில் சொல்லி முடித்துவிடலாம். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எடுப்பவருக்கு டொலுடெக்ராவிரை நாளுக்கு இருமுறை கொடுக்க வேண்டியிருப்பதும் இதே வகைதான்.

எதைத் தனியாகவே விடுவது

எல்லாவற்றையும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் போட முடியாது. சி.டி.4 எண்ணிக்கை 200க்குக் கீழே இறங்கி, மூளைக்காய்ச்சல் போன்ற தொற்றுகளோடு வருபவருக்கு மருத்துவமனைதான் வேண்டும். மருந்துக்கு எதிர்ப்புத்திறன் பெற்ற வைரஸ் உள்ளவருக்கும், சிகிச்சை பலன் தராத குழந்தைக்கும் அனுபவம் உள்ள மருத்துவர் தேவை. ஆரம்ப நிலையத்தின் வேலை அவர்களை அடையாளம் கண்டு உடனே அனுப்புவது. திரும்பி வரும்போது ஏற்றுக்கொள்வது.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. ஆண்களோடு உறவு கொள்ளும் ஆண்கள், திருநர்கள், பாலியல் தொழிலாளர்கள், ஊசி வழியாகப் போதைப்பொருள் எடுப்பவர்கள். உலகின் புதிய தொற்றுகளில் ஏறத்தாழப் பாதி இவர்களுக்கும் இவர்களின் இணையருக்கும்தான். பல நாடுகளில் சட்டமே இவர்களைக் குற்றவாளி என்கிறது. பொது நிலையத்தில் பெயரும் விலாசமும் கேட்டால் பாதிப் பேர் வாசலோடு திரும்பிவிடுவார்கள். இவர்கள் சமூகத்தைச் சேர்ந்தவர்களே நடத்தும் மையங்கள் வெளிப்பணத்தில் ஓடுபவை, ஒருங்கிணைப்பு என்ற பெயரில் முதலில் மூடப்படுபவையும் அவையே. என்னைக் கேட்டால் அவற்றைத் தனியாகவே விட்டு, சம்பளத்தை மட்டும் அரசின் வரவுசெலவில் சேர்ப்பதுதான் உண்மையான ஒருங்கிணைப்பு. அரசு நிலையம் செய்யாத வேலையை அரசுப் பணத்தில் ஒரு சமூக அமைப்பு ஒப்பந்தத்தில் செய்யலாம். இதற்குச் சட்டமும் கணக்குத் தணிக்கை விதிகளும் இடம்தர வேண்டும், அதற்கே சில ஆண்டுகள் பிடிக்கும்.

சரியாக நடக்கிறதா என்பதை எப்படிப் பார்ப்பது? எத்தனை நிலையங்களில் சேவை ‘தொடங்கப்பட்டது’ என்ற எண்ணை நான் பொருட்படுத்த மாட்டேன். மருந்து தொடங்கியவர்களில் ஓராண்டு கழித்து எத்தனை பேர் தொடர்கிறார்கள், எத்தனை பேருக்கு வைரஸ் அளவுப் பரிசோதனை நடந்து முடிவு கைக்கு வந்தது, மாத்திரை இல்லாமல் போன நாள்கள் எத்தனை என்பவற்றைக் கேட்பேன். எல்லோருக்கும் சேர்த்த சராசரி போதாது, வயது வாரியாகவும் குழு வாரியாகவும் பிரித்துத் தர வேண்டும். சராசரி நன்றாக இருக்கும்போதே இளைஞர்களும் திருநர்களும் பட்டியலிலிருந்து சத்தமில்லாமல் கழன்றுகொண்டிருக்கலாம்.

தடுப்புப் பக்கத்திலும் இதே கேள்விகள் வரப்போகின்றன. ஆறு மாதத்துக்கு ஒருமுறை போட்டுக்கொள்ளும் லெனகாபவிர் ஊசியை எச்.ஐ.வி. தடுப்புக்கு 2025 ஜூனில் அமெரிக்கா அனுமதித்தது, ஜூலையில் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. ஏழை, நடுத்தர வருவாய் நாடுகளுக்கு 2027 முதல் ஆண்டுக்கு ஏறத்தாழ 40 டாலருக்குக் கிடைக்கும்படி ஒப்பந்தங்கள் ஆகியிருக்கின்றன. இதற்கென்று மறுபடி ஒரு தனிக் கட்டடம் எழுப்பப் பணம் இல்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கருத்தடை ஊசி போடும் செவிலியர் ஏற்கெனவே ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருக்கிறார், ஊசி போடத் தெரியும், அடுத்த தேதி எழுதிக் கொடுக்கவும் தெரியும். ஊசிக்கு முன் செய்ய வேண்டிய எச்.ஐ.வி. பரிசோதனைக் கருவி அவர் மேசைக்கு எந்தக் கணக்கிலிருந்து வரும் என்பதை நாடுகள் இப்போதே முடிவு செய்தாக வேண்டும்.